நாடோடி வளர்ப்பும் ஓவியக் கண்ணும்: அம்ரிதா ஷேர்கில் பற்றிய ஒரு மதிப்பீடு

2023ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் புதுடில்லியில் நடைபெற்ற ஏலமொன்றில், அம்ரிதா ஷேர்கில் 1937இல் தீட்டிய 'கதை சொல்பவர்' என்னும் ஓவியம் 61.8 கோடி இந்திய ரூபாவுக்கு விலைபோயிற்று. அன்றுவரை இந்திய ஓவியம் எதுவும் ஏலத்தில் அத்துணை விலை பெற்றதில்லை. கிராமிய வாழ்வின் ஓய்வுப்பொழுதொன்றைக் காட்டும் அப்படம், அத்தகைய கிராமங்களில் இன்றும் வாழ்வோர் எண்ணிப் பார்க்கவும் இயலாத தொகைக்குக் கைமாறிற்று. நமது காலத்து முரண்பாடுகளுள் இதுவும் ஒன்று.

ஆயினும் அம்ரிதாவின் பெயர் எடுபடும்போதெல்லாம் முன்னிற்பது அவரது வாழ்க்கைக் கதையே. ஹங்கேரிய இசைக்கலைஞர் ஒருவருக்கும் சீக்கியப் பிரபு ஒருவருக்கும் மகளாய்ப் பிறந்தமை, கட்டுப்பாடற்ற வளர்ப்பு, பரிஸ் நகரத்து ஓவியக்கூடங்கள், கடல் கடந்த பயணங்கள், இருபத்தெட்டாம் வயதில் நேர்ந்த சாவு ஆகிய யாவும் ஒரு நாவலுக்குரிய கவர்ச்சியோடு எடுத்துரைக்கப்படுகின்றன. சுதந்திரமாக வளர்ந்தார், நாடு நாடாய்ச் சென்றார், ஆகவே பெரும் ஓவியரானார் என்று முடிவும் கூறப்படுகின்றது. இதற்கு நேரெதிராக, நமது அணியைச் சார்ந்த சிலர், நிலச்சுவான்தார் வீட்டுப் பெண்ணுக்கு ஏழைகளின் துயரம் எவ்வாறு தெரியும் என்று கேட்டு, ஒரே வரியில் அவரை ஒதுக்கிவிடுகின்றனர். இவ்விரு கூற்றுகளும் ஓவியங்களைப் பாராமலே ஓவியரை அளந்துவிடும் சோம்பலிற் பிறந்தவை. வளர்ப்பும் பயணமும் ஒரு கலைஞருக்கு எதனைக் கொடுக்கும், எதனைக் கொடா என்பதை அம்ரிதாவின் ஓவியங்களைக் கொண்டே ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் 'பொஹீமிய வாழ்க்கை' என்னும் தொடரைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். பொஹீமியா மத்திய ஐரோப்பாவிலுள்ள ஒரு நிலப்பகுதி. ஜிப்சிகள் எனப்பட்ட நாடோடி மக்கள் அங்கிருந்து வந்தவர்கள் எனப் பிரெஞ்சுக்காரர் கருதினர். ஊர் வழக்கத்துக்கு அடங்காது வாழ்ந்த கலைஞர்களையும் காலப்போக்கில் அப்பெயராலேயே அழைக்கலாயினர். 1851இல் ஹென்றி மியூர்ஜே என்பவர் பரிஸ் நகரத்து வறிய கலைஞர்கள் பற்றிய தமது கதைகளை நூலாக வெளியிட்ட பின்னர் அச்சொல் ஐரோப்பாவெங்கும் பரவிற்று. மியூர்ஜே ஒரு தையற்காரரின் மகன். அவர் எழுதியது தாம் நேரிற் கண்ட வறுமையையே. கலையைப் பேணிய பிரபுக்கள் மறைந்து, ஓவியமும் கவிதையும் சந்தைச் சரக்குகளாய் மாறிய காலத்தில், வாங்குவாரின்றித் தவித்த ஒரு கூட்டத்தாரின் வாழ்நிலை அது. பின்னாளில் வசதி படைத்தோரும் அவ்வாழ்க்கையின் புறக்கோலத்தை விரும்பி மேற்கொண்டனர். கடன்காரனுக்கு அஞ்சி மாடியறையில் ஒளிந்திருந்தவனின் சுதந்திரமும், வீட்டிலிருந்து மாதந்தோறும் பணம் பெற்றவனின் சுதந்திரமும் ஒரே பெயரால் வழங்கப்படலாயின. அம்ரிதாவின் வாழ்வை நோக்குமிடத்து இவ்வேறுபாட்டை நாம் மறந்துவிடலாகாது.

அம்ரிதா 1913ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் திகதி புடாபெஸ்ற் நகரிற் பிறந்தார். தந்தை உம்ராவ் சிங் பஞ்சாபின் மஜீத்தியாப் பிரபு குலத்தவர். சமஸ்கிருதமும் பாரசீகமும் கற்றவர். வானியலிலும் புகைப்படக் கலையிலும் தோய்ந்தவர். தாய் மரீ அந்துவானெத், மகாராஜா ரஞ்சித் சிங்கின் பேர்த்தியான பம்பா இளவரசிக்குத் துணையாக இந்தியா வந்தவிடத்து, லாஹூரில் உம்ராவ் சிங்கைச் சந்தித்து மணந்தவர். முதலாம் உலகப் போர் குறுக்கிட்டமையாற் குடும்பம் 1921 வரை ஹங்கேரியிலே தங்க நேர்ந்தது. அதன்பின் சிம்லாவிற் குடியேறினர். 1924இல் தாயுடன் இத்தாலியின் புளோரன்ஸ் நகர் சென்ற அம்ரிதா அவ்வாண்டிலேயே சிம்லாவுக்கு மீண்டார். 1929இற் குடும்பம் பரிஸ் சென்றது. அப்போது அவருக்கு வயது பதினாறு. அதுவரை எந்த ஓரூரிலும் அவர் தொடர்ந்து பத்தாண்டு வாழ்ந்தாரல்லர்.

இத்தகைய வளர்ப்பு அவருக்கு அளித்த நன்மைகளைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. கத்தோலிக்கப் பள்ளியொன்றில் தாம் கடவுள் நம்பிக்கையற்றவர் என்று அறிவித்து, அதனால் விலக்கப்பட்டபோது, அச்சிறுமியைப் பெற்றோர் அடக்கி ஒடுக்கவில்லை. தாய்மாமனான ஏர்வின் பக்தாய் இந்தியவியல் அறிஞர். முன்னர் ஓவியம் பயின்றவர். கற்பனையிலிருந்து அழகுப் படங்கள் வரைவதை விடுத்து, உயிருள்ள மனிதரை எதிரே இருத்தி வரையுமாறு அவர் மருமகளைத் தூண்டினார். பெண்ணுக்குச் சங்கீதமும் தையலும் போதுமெனக் கருதிய காலத்தில், மகளின் ஓவியப் பயிற்சிக்காக ஒரு குடும்பமே கண்டம் விட்டுக் கண்டம் பெயர்ந்தது. அக்காலத்து இந்தியப் பெண்களுள் ஆயிரத்தில் ஒருத்திக்கேனும் இவ்வாய்ப்புக் கிட்டியிருக்குமா என்பது ஐயமே.

உம்ராவ் சிங்கின் புகைப்படங்கள் பற்றியும் ஒரு வார்த்தை கூறுதல் வேண்டும். அவர் தம்மையும் மனைவியையும் பெண்மக்களையும் இடையறாது படம்பிடித்தவர். விதவிதமான உடைகளில், திட்டமிட்ட நிலைகளில் அக்குடும்பத்தினர் கமராவின் முன் நின்றனர். தூரிகையைக் கைக்கொண்டு பிறரை நோக்குமுன்னரே, தாம் நோக்கப்படுவது எத்தகைய அனுபவம் என்பதை அம்ரிதா அறிந்திருந்தார். பார்ப்பவனுக்கும் பார்க்கப்படுபவளுக்கும் இடையிலுள்ள ஏற்றத்தாழ்வு பற்றிய உணர்வு அவரது ஓவியங்களிற் பிற்காலத்தில் ஆழ்ந்து செல்வதற்கு இவ்விளமை அனுபவமும் ஒரு காரணமாயிருந்திருத்தல் கூடும்.

ஆனால் இச்சுதந்திரத்துக்கு ஒரு விலை இருந்தது. அதனைச் செலுத்தியவர்கள் வேறு யாரோ. மஜீத்தியாக் குடும்பத்துக்குக் கோரக்பூர் மாவட்டத்துச் சராயாவிற் பெருநிலமும் சர்க்கரை ஆலையும் இருந்தன. அக்குடும்பத்தின் செல்வம் நிலத்திலிருந்தும் கரும்பிலிருந்தும் வந்தது. கரும்பு வெட்டியவனும் ஆலையில் நின்றவனும் பரிஸ் நகரின் பெயரையும் கேட்டிருக்கமாட்டார்கள். இதனைக் கூறுவது அம்ரிதாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக அன்று. கலைஞரின் சுதந்திரம் வானத்திலிருந்து விழுவதில்லை என்பதையும், அது எங்கிருந்து வருகின்றதென்று கேட்காத வாழ்க்கை வரலாறு பாதி வரலாறே என்பதையும் நினைவூட்டுவதற்காகவே.

பரிஸில் அவர் முதலிற் கிராண்ட் ஷோமியேர் பயிற்சிக்கூடத்திலும், பின்னர் நுண்கலைக் கல்லூரியில் லூசியன் சீமோனிடத்தும் பயின்றார். 1932இல் அவர் தீட்டிய 'இளம் பெண்கள்' என்னும் ஓவியம், மறு ஆண்டில் அவருக்குக் கிராண்ட் சலோன் காட்சியின் தங்கப்பதக்கத்தையும் அதன் இணை உறுப்புரிமையையும் பெற்றுத் தந்தது. அப்போது அவருக்கு வயது இருபது. அப்படத்தில் இரு பெண்கள் அமர்ந்திருக்கின்றனர். ஒருத்தி முழுமையாக உடுத்து, நிமிர்ந்து, தன்னைத் தானே ஆள்பவளாய்த் தோன்றுகிறாள். மற்றவள் அரைகுறை உடையில், கூந்தல் முகத்தை மறைக்க இருக்கிறாள். முன்னவள் தங்கை இந்திரா. பின்னவள் பிரெஞ்சுத் தோழி.

பதக்கம் பெற்ற அவ்வோவியத்தினும் கூடிய கவனத்துக்குரியது 1933இல் தீட்டப்பட்ட 'தொழில்முறை மாதிரி' என்பதாகும். கூலிக்காக ஓவியர்முன் ஆடை களைந்திருக்கும் பெண்ணொருத்தியின் உடல் இங்கு வற்றிக் களைத்துக் காணப்படுகின்றது. ஐரோப்பிய ஓவிய மரபில் அம்மணப் பெண்ணுடல் கண்ணுக்கு விருந்தாகவே பெரிதும் அமைந்து வந்துள்ளது. அவ்விருந்தின் பின்னால் ஒரு தொழிலாளி இருந்தாள் என்பதை இருபது வயது மாணவி ஒருத்தி கண்டுகொண்டாள். பரிஸின் பொஹீமியத்திலே உண்மையான வறுமை யாரிடத்தில் இருந்தது என்பதற்கு இப்படமே சான்று. ஓவியர்களின் களியாட்டங்கள் பற்றி எழுதிக் குவித்தவர்கள், ஓவியக்கூடத்தின் குளிரில் மணிக்கணக்காய் இருந்த இப்பெண்களைப் பற்றி அதிகம் எழுதினாரல்லர்.

பயணம் பற்றிய நமது வினாவுக்கு 1934இல் அவர் தீட்டிய 'தாஹித்திப் பெண்ணாகத் தன்னுருவம்' இன்றியமையாதது. இதன் பொருளை உணர்வதற்குப் போல் கோகனை ஈண்டு நினைவுகூர வேண்டும். கோகனும் அலைந்து வளர்ந்தவரே. தொழிலாளர் ஒற்றுமைக்காக 1843இலேயே நூலெழுதிய புளோரா திரிஸ்தான் அவருடைய பாட்டி. இளமையிற் சில ஆண்டுகள் பெரு நாட்டின் லீமா நகரிற் கழிந்தன. கப்பலிற் பணிசெய்தார், பங்குத் தரகராய்ப் பொருளீட்டினார், பின்னர் அனைத்தையும் துறந்து 1891இல் தாஹித்தித் தீவுக்குச் சென்றார். நாகரிகத்தின் கறைபடியாத மக்களைத் தேடிச் சென்றதாக அவர் கூறினார். ஆனால் 1880இலேயே தாஹித்தி பிரெஞ்சுக் குடியேற்றநாடாகிவிட்டது. பாதிரிமாரும் அதிகாரிகளும் வணிகரும் அங்கு நிறைந்திருந்தனர். கோகனின் ஓவியங்களில் அவர்களைக் காண்பதரிது. பதின்மூன்று, பதினான்கு வயதுச் சிறுமியரைத் துணைவியராக்கிக்கொண்டு, அவர்களைக் காலங்கடந்த கனவுலகத்து மாந்தராய் அவர் தீட்டினார். அவரது வண்ணங்களின் ஆற்றலை எவரும் மறுக்கமுடியாது. எனினும் பாதி உலகைச் சுற்றிச் சென்ற அக்கலைஞர், அங்கே கண்டவற்றுள் பெரும்பகுதி பரிஸிலிருந்து தாமே சுமந்து சென்ற ஆசைகளாகும்.

அம்ரிதா கோகனிடம் நிறையக் கற்றவர். அக்கல்வியின் நன்றியும் எதிர்ப்பும் ஒருங்கே இத்தன்னுருவத்தில் உள்ளன. கோகனின் பெண்கள் இருந்த இடத்தில் அவர் தம்முடலையே நிறுத்துகிறார். இடைக்குமேல் ஆடையில்லை, பின்னால் ஓர் ஆணின் நிழல் விழுகின்றது, முகத்தில் அழைப்பும் இல்லை, அடக்கமும் இல்லை. இந்தியாவையும் தாஹித்தியையும் ஒரே 'கிழக்காக' எண்ணிய பரிஸ் நகரத்துக்கு, நீங்கள் காண விரும்பும் கீழைத்தேயப் பெண் இவளா என்று அப்படம் வினவுவது போலிருக்கின்றது. பயணம் செய்யும் ஐரோப்பியனின் கண்ணுக்கு எதிரே, பயணம் செய்து வந்த ஆசியப் பெண்ணின் கண் எழுந்த தருணம் அது.

அதே ஆண்டில் இந்தியாவுக்குத் திரும்பவேண்டும் என்ற வேட்கை அவரைப் பற்றிக்கொண்டது. ஐரோப்பாவுக்கு வந்திராவிடின் அஜந்தாச் சுவரோவியத்தின் அருமையைத் தாம் உணர்ந்திருக்க முடியாது என்னும் கருத்தை அவர் பெற்றோருக்கெழுதிய கடிதமொன்றில் வெளியிட்டார். தொலைவுக்குச் சென்றபின்பே வீட்டை அடையாளம் காணுதல் குடியேற்றநாட்டுக் கல்வி பெற்ற பலருக்கு நேர்ந்த அனுபவம். 1934 இறுதியில் இந்தியா மீண்ட அம்ரிதா, இந்திய மக்களின், சிறப்பாக வறியோரின், வாழ்வை ஓவியத்தில் விளக்குவதே தமது பணியென அறிவித்தார். வங்காள ஓவியப் பிரிவினர் புராணக் கனவுகளை மங்கிய வண்ணங்களிற் குழைத்துக்கொண்டிருந்த வேளையில், இது துணிவானதொரு பிரகடனம் என்பதில் ஐயமில்லை. 1935இற் சிம்லா நுண்கலைச் சங்கம் அவரது படங்கள் சிலவற்றை நிராகரித்து ஒன்றுக்குப் பரிசளித்தபோது, அப்பரிசைத் திருப்பியனுப்பிய துணிவும் அதே ஊற்றிலிருந்து வந்ததே.

ஆயினும் பிரகடனம் வேறு, ஓவியம் வேறு. 1935இல் வரையப்பட்ட 'மலைநாட்டுப் பெண்கள்', 'மலைநாட்டு ஆண்கள்' முதலியவற்றை உற்றுநோக்குவோமாக. நெடிய, மெலிந்த உருவங்கள் சிலைபோல் நிற்கின்றன. கண்கள் எங்கோ வெறித்து நோக்குகின்றன. அவர்கள் உழுவதில்லை, சுமப்பதில்லை, ஒருவரோடொருவர் பேசுவதுமில்லை. துயரம் இருக்கின்றது, அதன் காரணம் இல்லை. காரணம் காட்டப்படாத துயரம் விதியெனத் தோன்றும். விதியெனத் தோன்றும் துயரத்தை அழகென இரசித்துவிட்டுப் பார்வையாளன் நிம்மதியாக வீடு திரும்பலாம். மாளிகையின் பலகணியிலிருந்து பாதையைப் பார்க்கும் ஒருவரின் இரக்கத்தை இப்படங்கள் முற்றாகக் கடந்துவிடவில்லை. இது நமது அணியினர் கூறும் குறை. இது நியாயமான குறை என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் அதே ஆண்டிற்றான் 'மூன்று பெண்கள்' என்னும் ஓவியமும் தோன்றிற்று. 1937இற் பம்பாய்க் கலைச் சங்கத்தின் தங்கப்பதக்கத்தைப் பெற்றது இதுவே. செந்நிறமும் பச்சையும் ஒளிரும் ஆடைகளுள் மூன்று இளம்பெண்கள் அருகருகே அமர்ந்திருக்கின்றனர். ஒருத்தியும் மற்றவளை நோக்கவில்லை, நம்மையும் நோக்கவில்லை. தமக்கென முன்னரே முடிவுசெய்யப்பட்ட ஏதோவொன்றுக்காகக் காத்திருக்கின்றனர். இவர்கள் வறியவர்களல்லர். ஓவியருக்கு முன் அமர்ந்தவர்கள் தந்தைவழி உறவுப் பெண்களே. மலைநாட்டு மக்களின் முகத்தில் பொதுவானதாய்ப் படிந்திருந்த சோகம், இங்கு குறிப்பான பொருளுடையதாகின்றது. இவ்வேறுபாட்டின் முக்கியத்துவத்தைச் சற்றுப் பின்னர் காண்போம்.

1936 இறுதியில் அம்ரிதா பம்பாயில் தமது ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார். அங்கிருந்து அஜந்தா, எல்லோரா சென்று, பின்னர் ஹைதராபாத் வழியாகத் தெற்கே திருவனந்தபுரம், கன்னியாகுமரி, கொச்சி ஆகிய இடங்களுக்குச் சென்றார். கொச்சியில் மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவரோவியங்களைப் பார்த்துப் பயின்றார். இப்பயணமே அவரது வாழ்வில் மிகப் பெரும் விளைவைத் தந்த பயணம். பரிஸிற் கற்ற நிழலும் திரட்சியும் பின்வாங்கின. அஜந்தாவின் செம்மண் நிறங்களும், உருவங்களைக் கூட்டமாய் இணைக்கும் முறையும் முன்வந்தன. சிம்லா திரும்பியபின் 1937இல் அவர் தீட்டிய 'மணமகளின் ஒப்பனை', 'பிரமசாரிகள்', 'சந்தைக்குச் செல்லும் தென்னிந்தியக் கிராமத்தவர்' ஆகிய மூன்றும் இந்திய ஓவிய வரலாற்றிற் புதியதோர் அத்தியாயத்தைத் தொடக்கி வைத்தன எனலாம்.

இவற்றுள் சந்தைக்குச் செல்வோரைப் பற்றிய ஓவியம் தமிழ், மலையாள நாட்டு வாசகர்க்கு ஒரு தனிப்பொருளை உடையது. அதே திருவிதாங்கூரிற் பிறந்தவர் இரவிவர்மா. அவரது இலட்சுமியும் சரஸ்வதியும் தமயந்தியும் வெண்மேனியராய் அச்சுப்படங்களாகி நமது வீட்டுச் சுவர்களை நிறைத்தனர். அழகென்றால் வெண்ணிறம் என்ற மயக்கத்தை அப்படங்கள் எத்தனை தலைமுறைக்கு ஊட்டின என்பதை ஆசிரியர்களாகிய நாம் நன்கறிவோம். அம்ரிதாவோ அம்மண்ணின் உழைக்கும் மக்களின் கருமேனியை, ஓவியத்தின் மையமாக, மாட்சிமையோடு தீட்டினார். இங்கு இரக்கம் மரியாதையாய் மாறியிருக்கிறது. அவர் எங்கெங்கோ சென்று பெற்ற பயிற்சி, நம்மவர் நாள்தோறும் கண்டும் காணாதிருந்த ஒன்றைக் காணவைத்தது. பயணம் கலைக்குச் செய்யும் நன்மைக்கு இதனினும் சிறந்த சான்று தேடவேண்டியதில்லை.

எனினும் பயணியின் கண்ணுக்குத் தப்பியவையும் இருந்தன. 1936ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் திகதி திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியாயிற்று. நூற்றாண்டுகளாகக் கோயில் வாயிலிலும் அதற்கு வெளியே உள்ள வீதிகளிலும் தடுத்து நிறுத்தப்பட்ட மக்கள், நெடிய போராட்டத்தின் பயனாக உள்ளே காலடி வைத்தனர். இரண்டு மூன்று மாதங்களுக்குள் அந்நாட்டை அடைந்த அம்ரிதா, அங்கிருந்து கொண்டுவந்த படங்களுள் ஒன்று 'பிரமசாரிகள்'. ஐந்து அந்தண இளைஞர்கள் வெண்ணிற வேட்டியுடன் அமைதியாய் அமர்ந்திருக்கின்றனர். வெண்மையும் பழுப்பும் அடங்கிய ஒழுங்கில் அது ஒரு சிறந்த ஓவியம். ஆனால் அந்த அமைதியைச் சூழ்ந்து அந்நாடு கொந்தளித்துக்கொண்டிருந்தது என்பதற்கு ஒரு சிறு குறிப்பேனும் அதில் இல்லை. உருவத்தைக் கண்ட கண், வரலாற்றைக் காணவில்லை. சில வாரங்கள் தங்கிச் செல்லும் பயணிக்கு வண்ணமும் வடிவமும் விரைந்து அகப்படும். மனிதர்களுக்கிடையிலுள்ள உறவுகள் அவ்வாறு அகப்படுவதில்லை.

1938இல் அம்ரிதா ஹங்கேரி சென்று, மருத்துவரான விக்ரர் ஏகானை மணந்து, மறு ஆண்டு இந்தியா திரும்பிக் குடும்பத்தின் சராயாப் பண்ணையிற் குடியேறினார். நெடும்பயணங்கள் ஓய்ந்த காலம் இது. இலக்கிய மாணவர்க்குக் கோரக்பூர் புதிய பெயரன்று. பிரேம்சந்த் ஆசிரியராய்ப் பணிபுரிந்து, ஒத்துழையாமை இயக்கத்தின்போது வேலையைத் துறந்த ஊர் அது. 1936இல், அதாவது லக்னோவில் முற்போக்கு எழுத்தாளர் மாநாட்டுக்கு அவர் தலைமை தாங்கிய ஆண்டிலே, வெளிவந்த 'கோதான்' நாவலில் கடனில் மூழ்கும் விவசாயியும் இருக்கிறான். சர்க்கரை ஆலையும் அங்கு நிகழும் வேலைநிறுத்தமும் இருக்கின்றன. சர்க்கரை ஆலைக்கு அருகிலேயே வாழ்ந்த அம்ரிதாவின் புகழ்பெற்ற ஓவியங்களுள் எதிலும் ஆலை இல்லை. யானைகள் உள்ளன, குளம் உள்ளது, மரநிழலில் மஞ்சள் அரைக்கும் பெண்கள் உள்ளனர். ஆலையின் புகைபோக்கி மட்டும் சட்டத்துக்கு வெளியிலே நின்றுவிட்டது. தம் வர்க்கத்தின் வருவாய் பிறக்கும் இடத்தை அவரால் வரைய முடியவில்லை.

இத்துடன் நிறுத்திவிட்டால் நமது தீர்ப்பு எளிதாகிவிடும். ஆனால் அதே சராயாவிற்றான் அவரது கலை தனது உச்சத்தைத் தொட்டது. 1938இல் தீட்டிய 'பெண்கள் முற்றம்', 1940இல் தீட்டிய 'மணமகள்', 'கயிற்றுக் கட்டிலில் ஓய்வுகொள்ளும் பெண்' ஆகியவற்றில் அவர் வரைவது தாம் வாழ்ந்த வீட்டின் பெண்களை. நிலப்பிரபுத்துவக் குடும்பத்தின் உட்கட்டுக்குள் காலங்கழித்த பெண்களை. உண்பதற்குக் குறைவில்லை, உடுப்பதற்குப் பட்டு உண்டு. செய்வதற்குத்தான் எதுவுமில்லை. பகற்பொழுது நீண்டு கிடக்கிறது. திருமணத்துக்குச் சோடிக்கப்படுதலும் திருமணத்தின்பின் காத்திருத்தலுமே அவர்களின் வாழ்வு. 'மூன்று பெண்கள்' ஓவியத்தில் தொடங்கிய வினாவுக்கு இங்கு விடை கிடைக்கின்றது. அச்சோகத்தின் காரணம் இப்போது படத்துக்குள்ளேயே இருக்கின்றது.

சற்று எண்ணிப் பார்ப்போம். எவ்வித விலங்குமின்றி வளர்க்கப்பட்ட பெண், விலங்கோடு வளர்ந்த தன் உறவுப் பெண்களிடையே வந்து அமர்கிறாள். ஒரே குலம், ஒரே செல்வம். ஆயினும் ஒருத்தி பரிஸ் சென்றாள், மற்றவர்கள் முற்றத்தைத் தாண்டவில்லை. ஹங்கேரியத் தாயும் விதிவிலக்கான தந்தையும் அமையாதிருப்பின் தாமும் அக்கட்டிலிற் கிடந்திருப்போம் என்பதை அம்ரிதா உணராதிருந்திருக்க முடியாது. நாடோடி வளர்ப்பு அவருக்கு அளித்த மெய்யான கொடை இங்கேதான் வெளிப்படுகின்றது. அவ்வீட்டினுள்ளே பிறந்து வளர்ந்தவளுக்கு அவ்வாழ்க்கை இயல்பானது. அதனை அவள் அடைப்பென்று காணமாட்டாள். வெளியிலிருந்து வரும் ஆண்மகனுக்கோ அந்த முற்றத்துக்குள் அனுமதியில்லை. உள்ளே செல்லும் உரிமையும், உள்ளதை அடைப்பென உணரும் அளவுக்கு வெளியுலக அனுபவமும் ஒருங்கே வாய்த்தவர் அம்ரிதா ஒருவரே. மலைநாட்டு ஏழையின் துயரத்தை ஊகித்து வரைந்தபோது கிட்டாத உண்மை, தாம் அறிந்த துயரத்தை வரைந்தபோது அவருக்குக் கிட்டியது.

அம்ரிதா 1941ஆம் ஆண்டு டிசெம்பர் 5ஆம் திகதி லாஹூரிற் காலமானார். வீட்டு மாடியிலிருந்து கண்ட காட்சியைத் தீட்டிய, கரிய எருமைகள் இடம்பெறும் ஓர் ஓவியம் முற்றுப்பெறாமலே நின்றது. இரண்டாண்டுகளின் பின் வங்காளப் பஞ்சம் வந்தது. 1943இல் சித்தபிரசாத் பொதுவுடைமைக் கட்சியின் பத்திரிகைக்காக மிதுனாபூர் மாவட்டத்திற் கால்நடையாய்ச் சென்று, பசியால் வீழ்ந்த மக்களை மையினால் வரைந்தார். அவ்வோவியங்களும் குறிப்புகளும் அடங்கிய நூலைப் பிரித்தானிய அரசு பறிமுதல் செய்தது. கல்கத்தாவிற் சைனுல் ஆபிதீன் மலிவான தாளில் அதே பஞ்சத்தை வரைந்தார். இதுவும் பயணமே, ஆனால் இதன் வழி வேறு, வழித்துணையும் வேறு. துயரத்தின் காரணத்தைத் தேடிச் சென்ற பயணம் அது. அம்ரிதா உயிரோடிருந்தால் அவ்வழியிற் சென்றிருப்பாரா என்று ஊகிப்பதில் பயனில்லை. ஆனால் வறிய இந்தியர் ஓவியத்தின் நாயகராகலாம் என்பதை அவர் நிறுவியிராவிட்டால், பின்வந்தோரின் பணி இன்னும் கடினமாயிருந்திருக்கும்.

ஆகவே, அலைந்து திரிந்த வாழ்வே அவரை ஓவியராக்கிற்று என்போர்க்கு நாம் கூறவேண்டியது இது. அவ்வாழ்வு அவருக்குத் துணிவையும் பயிற்சியையும் ஒப்புநோக்கும் கண்ணையும் அளித்தது. அதே செல்வமும் சுதந்திரமும் வாய்த்த எத்தனையோ பேர் அழகிய படங்கள் சில வரைந்து மறைந்தனர். நிலச்சுவான்தார் மகளென அவரை ஒதுக்குவோர்க்குக் கூறவேண்டியதும் உண்டு. வர்க்கம் கலைஞரின் பார்வைக்கு எல்லை வகுக்கின்றது என்பது உண்மை. அவ்வெல்லைக்குள் நின்றே தம் வர்க்கத்தின் வீட்டுக்குள் நிகழும் அடிமைத்தனத்தைக் காட்டிய கலைஞரை இழப்பதால் முற்போக்கு இலக்கியத்துக்கு நட்டமேயன்றி இலாபம் எதுவுமில்லை.

அவரது ஓவியங்கள் 1976இல் இந்திய அரசினால் தேசியக் கலைச்செல்வங்களாக அறிவிக்கப்பட்டன. அவற்றுள் மிகப் பல புதுடில்லி தேசிய நவீன கலைக்கூடத்தில் மக்கள் உடைமையாய் உள்ளன. அவற்றின் அச்சுப்பிரதிகளை வகுப்பறைக்குக் கொண்டுசெல்லும் ஆசிரியர்கள் ஓவியரின் காதற்கதைகளைக் கூறி மாணவரை மகிழ்விக்க வேண்டாம். 'கயிற்றுக் கட்டிலில் ஓய்வுகொள்ளும் பெண்' என்னும் படத்தை முன்வைத்து இரண்டு வினாக்களைக் கேட்கட்டும். செந்நிற ஆடையோடு கட்டிலிற் கிடக்கும் பெண் ஏன் களைத்திருக்கிறாள் என்பது முதலாவது. மாணவர் விடை தேடியபின், அவளருகே தரையிலிருந்து விசிறிக்கொண்டிருக்கும் பணிப்பெண்ணைச் சுட்டி, இவளது களைப்பு எங்கே என்பது இரண்டாவது. முதல் வினாவுக்கு விடையை அம்ரிதா ஓவியத்திலேயே தந்திருக்கிறார். இரண்டாம் வினாவுக்குரிய விடையை அவர் தரவில்லை. ஆனால் அப்பெண்ணைப் படத்திலிருந்து நீக்கிவிடவுமில்லை.